ப்ளூ சீஸ்: பயப்பட வேண்டியது பூஞ்சைக்கா, உப்புக்கா?

கேள்வி: ப்ளூ சீஸில் இருக்கும் நீலக் கோடுகள் பூஞ்சைதானே? பூஞ்சை பிடித்த ரொட்டியைத் தூக்கிப்போடச் சொல்லிவிட்டு, இதை மட்டும் சாப்பிடலாமா?

பதில்: பூஞ்சையேதான். ஆனால் ரொட்டியில் படர்ந்தது எந்த இனம் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. சீஸில் இருப்பதோ தெரிந்தே சேர்த்த ஒன்று, பெயர் பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி. பாலில் அல்லது திரிந்த கட்டியில் அதன் வித்துகளைக் கலந்துவிட்டு, கட்டி இறுகியதும் நீண்ட ஊசிகளால் குத்துவார்கள். காற்றில்லாமல் பூஞ்சை வளராது என்பதால், துளை வழியே காற்று புகும் இடங்களில்தான் நீலம் படர்கிறது. வெட்டிய துண்டில் நேர்க்கோடு தெரிந்தால் அது ஊசி போன தடம். செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பிரான்ஸின் ரோக்ஃபோர், பசும்பாலில் செய்யும் இத்தாலியின் கோர்கொன்சோலா, இங்கிலாந்தின் ஸ்டில்டன் எல்லாம் இந்தக் குடும்பமே.

கேள்வி: எனக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டு. இதைத் தொடலாமா?

பதில்: பெயர் ஒற்றுமைதான் குழப்பத்துக்குக் காரணம். பென்சிலின் மருந்து வேறொரு பெனிசிலியம் இனத்திலிருந்து கிடைக்கிறது. ஆகவே மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதற்காக மட்டும் இந்தச் சீஸை ஒதுக்க வேண்டியதில்லை. சாப்பிட்டபின் அரிப்போ தடிப்போ வந்தால் கதை வேறு, மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கால்சியத்துக்காகத் தினமும் சாப்பிடலாம் என்கிறார்கள். எவ்வளவு?

பதில்: தீப்பெட்டி அளவுத் துண்டு, அதாவது சுமார் 30 கிராம் போதும். அதில் ஏறத்தாழ 105 கலோரி, 6 கிராம் புரதம், 150 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். கூடவே 5.5 கிராம் நிறைவுற்ற கொழுப்பும், உப்பின் வழியே 340 மில்லிகிராம் சோடியமும் வரும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் சோடிய வரம்பு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள். அதில் ஆறில் ஒரு பங்கு இந்தச் சிறு துண்டிலேயே தீர்ந்துவிடுகிறது, ரோக்ஃபோர் என்றால் இன்னும் அதிகம். கால்சியத்துக்குத் தயிரே மேல். ப்ளூ சீஸைச் சுவைக்கான பொருளாக நினைத்துச் சேர்ப்பதுதான் சரியான கணக்கு என்பது எங்கள் உறுதியான கருத்து.

பலர் தவறுவது சாலட்டில். மயோனைஸில் கரைத்து ஊற்றினால் சீஸை விட எண்ணெய்தான் அதிகம் உள்ளே போகும். மாற்றாக, 15 கிராம் சீஸை முள்கரண்டியால் மசித்து, மூன்று மேசைக்கரண்டி இனிப்பில்லாத கெட்டித் தயிர், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள் சேர்த்துக் கலக்குங்கள். இரண்டு பேருக்குக் காணும். உப்பைத் தொடவே வேண்டாம். சூப்பிலோ பாஸ்தாவிலோ சேர்ப்பதானாலும் சீஸ் கரைந்த பிறகே உப்புப் பாருங்கள்.

கேள்வி: யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

பதில்: முதலில் கர்ப்பிணிகள். மென்மையான, ஈரப்பதம் மிகுந்த ப்ளூ சீஸில் லிஸ்டீரியா என்னும் கிருமி வளர வாய்ப்புண்டு. குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் அது பெருகும், கருவைப் பாதிக்கும். ஆவி பறக்கும் அளவுக்கு முழுதும் சூடாக்கிய உணவில் கலந்திருந்தால் அந்தக் கிருமி செத்துவிடும். முதியவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும்.

அடுத்தது அதிகம் பேசப்படாத ஆபத்து. பழுத்த சீஸில் டைரமின் என்ற பொருள் சேர்கிறது. ஃபெனெல்சின், ட்ரானில்சிப்ரமின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் உடல் அதைச் சிதைப்பதைத் தடுத்துவிடுவதால், இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். லினசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இவற்றை உட்கொள்பவர்கள் ஒரு துண்டுகூடச் சாப்பிடும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: ஏற்கெனவே பூஞ்சை உள்ள சீஸ் கெட்டுவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீலமும் பச்சையும் இயல்பான நிறங்கள். இளஞ்சிவப்போ கருப்போ படர்ந்தால், மேலே வழவழப்பு வந்தால், மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடித்தால் முழுத் துண்டையும் எறிந்துவிடுங்கள். மெழுகுத் தாளில் சுற்றி, மூடிய டப்பாவில் 5 டிகிரி செல்சியஸுக்குள் வையுங்கள். டப்பா முக்கியம், இல்லாவிட்டால் அருகிலுள்ள வெண்ணெயிலும் அந்த வாசனை ஏறிவிடும்.