பாறைத்திட்டில் சர்ஃபிங்: உயரத்தை விட ஆழம் முக்கியம்

முன்னறிவிப்பில் ஒரு மீட்டர் அலை என்றுதான் போட்டிருந்தது. நேரில் போனால் மிரட்டியதே?

உயரத்துக்குப் பக்கத்தில் விநாடிக் கணக்கு ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. 6 விநாடி என்றால் அக்கம்பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. 14 விநாடி என்றால் எங்கோ தொலைவில் அடித்த புயல் அனுப்பியது. அதன் ஆற்றல் ஆழம் வரை இறங்கியிருக்கும். பாறை தடுத்ததும் சட்டென்று நிமிரும். பழகுகிறவர்களுக்கு அப்படிப்பட்ட 14 விநாடி அலை அரை மீட்டர் உயரம் இருந்தாலே தாராளம்.

அலை சின்னதாக இருந்தால் வற்றத்திலும், அதாவது கடல்மட்டம் தாழ்ந்திருக்கும் நேரத்திலும், இறங்கலாமா?

வேண்டாம். இந்தக் கேள்வியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அலை ஏறத்தாழ தன் உயரத்தைப் போல 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். அரை மீட்டர் அலை என்றால் அங்கே தண்ணீர் தொடையளவுதான். சின்ன அலைதான் ஆழம் குறைந்த இடத்தில் உங்களைக் கவிழ்க்கும்! உடைந்த பிறகு உங்களைத் தள்ளிக்கொண்டு போகும் இடம் இன்னும் மேடு. வற்றத்தில் அங்கே பாறை தலைநீட்டும்.

கடல்மட்டம் உயரும் ஏற்றத்தில் பாதி ஆனதும் இறங்கி, முழு ஏற்றம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கரையேறுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வழக்கத்தை விட அதிகமாக வற்றும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. அப்புறம், நேற்று இறங்கத் தோதாக இருந்த நேரம் இன்றைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

காலையா, மாலையா?

பெரும்பாலும் காலை. நிலக்காற்று அலை முகத்தை வழவழப்பாக வைத்திருக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று அதைக் கலைத்துவிடும்.

விழுந்தால் என்ன செய்வது?

தலைகீழாகப் பாயாதீர்கள், காலை ஊன்றவும் பார்க்காதீர்கள். உடம்பை விரித்துத் தட்டையாக விழுந்து, இரு கைகளாலும் தலையை மூடியபடி மேலே வாருங்கள். திட்டில் வளரும் பவளம் கீறினால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் துகள் போகும்வரை கழுவுங்கள். சிவந்து வீங்கினால் மருத்துவரிடம் போய்விடுங்கள். உயிருள்ள பவளத்தை மிதிக்காமல் இருப்பது நம் கடமையும்கூட.

உள்ளே போக எது வழி?

அலை உடையாத ஆழமான வாய்க்கால் ஒன்று திட்டின் ஓரத்தில் இருக்கும். பாறைமேல் ஏறிய தண்ணீர் அதன் வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. உங்களையும் சுலபமாக இழுத்துப் போகும். ஆனால் திரும்பும்போது அந்த நீரோட்டத்தை எதிர்த்துப் பேடில் செய்து (பலகையில் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளி) களைத்துவிடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, உடைந்த நுரையோடு பலகையில் படுத்தபடியே கரைக்கு வாருங்கள்.