வசனம் பேசாததைப் போர்வை பேசியது

கேள்வி: ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அம்மாவும் பாட்டியும் தினமும் பார்க்கும் தொடர்களை வைத்து என் இறுதிப் படைப்பைச் செய்ய ஆசை. "அழுகைத் தொடரில் என்ன கலை இருக்கிறது?" என்கிறார்கள் நண்பர்கள். இந்த எண்ணத்தை விட்டுவிடட்டுமா?
- மாணவி, தஞ்சாவூர்

பதில்: விடாதே, மகளே. உனக்கு முன்னால் இந்த வழியில் போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மெல் சின், ஹூஸ்டனில் பிறந்த அமெரிக்கக் கலைஞர். 1990-களில் அங்கே 'மெல்ரோஸ் பிளேஸ்' என்ற தொடர் வாராவாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே குடியிருப்பில் வாழும் இளைஞர்களின் காதல், துரோகம், பழிவாங்கல்தான் கதை. மெல் சின் அதைக் கேலி செய்து படம் வரையவில்லை. அதன் அரங்க அலங்காரத்தைக் கவனித்துக்கொண்ட பெண்ணை அணுகி, காட்சிக்கு வேண்டிய பொருட்களைத் தாங்களே செய்து தருவதாகச் சொன்னார். அவரும் சம்மதித்தார். ஜார்ஜியாவிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கமும் இருந்த ஆசிரியர்கள், மாணவர்கள், கலைஞர்கள் எனப் பலர் சேர்ந்தார்கள். ஜி.ஏ. (GA), எல்.ஏ. (LA) என்ற இரண்டு இடங்களின் சுருக்கெழுத்துகளையும் இணைத்து 'காலா கமிட்டி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கதை தொலைநகலில் (ஃபேக்ஸ்) வரும். அதற்கேற்ற பொருள் அரங்குக்குப் போகும். 1995 முதல் 1997 வரை இந்த வேலை நடந்தது. பார்ப்பவர்களுக்கு ஓர் அறிவிப்பும் இல்லை.

அந்தப் பொருட்களில் என் மனத்தைவிட்டு அகலாதது ஒரு போர்வை. தொடரில் அலிசன் கருவுற்றிருக்கிறாள். அவள் போர்த்திக்கொள்ளும் போர்வையில் கோடுகளும் அறுகோணங்களுமாக ஓர் அலங்காரம். உண்மையில் அது ஆர்.யு.486 என்ற கருக்கலைப்பு மருந்தின் வேதியியல் அமைப்பு! அமெரிக்காவில் அந்த மருந்துக்கு 2000-ஆம் ஆண்டில்தான் அனுமதி கிடைத்தது. கருக்கலைப்பு என்ற சொல்லைத் தொலைக்காட்சி தொடத் தயங்கிய காலத்தில், அவள் முன்னால் இருந்த கேள்வி அவள் மடியிலேயே கிடந்தது. புகைப்படத்தில்தான் பார்த்தேன். பார்த்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

இதை யார் கவனிப்பார்கள் என்று கேட்காதே. என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், "இது அந்தத் தொடரில் மாமியார் வீட்டுப் பூஜை அறையில் இருந்த குத்துவிளக்கு, இப்போது இந்த வீட்டுக்கு வந்துவிட்டது" என்று ஒருநாள் சரியாகச் சொன்னார். முப்பது ஆண்டுகள் ஓவியம் கற்பித்த நான் அதைக் கவனிக்கவில்லை. தினமும் ஒரே வீட்டைப் பார்க்கிற கண்ணுக்கு அந்த வீட்டின் சாமான்களெல்லாம் சொந்தம். காலா கமிட்டி நம்பியது அந்தக் கண்ணைத்தான்.

பிறகு 1997-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் அந்தப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார்கள். மறு ஆண்டு சோத்பீஸ் ஏலத்தில் விற்று, பணத்தைக் கல்விப் பணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த ஏலத்தைவிட, படைப்பு முதலில் வீட்டுக் கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் பெரிது.

ஒரு வாரம் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பார். அழும் முகத்தை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருக்கும் சுவரையும் அலமாரியையும் கவனி. எந்தக் காட்சியில் வசனம் பேசவேண்டியதைப் பேசாமல் நழுவுகிறது என்று குறித்துவை. அந்த இடத்தில் நீ வைக்க விரும்பும் பொருளை வரைந்து, முதலில் பாட்டியிடம் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.