சரிவு நிலத்துத் தோட்டம்: நாமே பார்ப்பதா, ஆள் வைப்பதா?

கேள்வி: கோத்தகிரி அருகே சரிவில் அமைந்த எங்கள் வீட்டைச் சுற்றிப் பதினைந்து சென்ட் நிலம் இருக்கிறது. பணி ஓய்வு பெற்றுவிட்டதால், தோட்ட வேலையை நானும் கணவரும் பார்த்துக்கொள்ள நினைக்கிறோம். மகனோ, வயதான காலத்தில் எதற்கு, மொத்தமாகக் கான்ட்ராக்ட் விட்டுவிடுங்கள் என்கிறான். எது சரி?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: பெரும்பாலான வேலைகளை நீங்களே செய்யுங்கள், சிலவற்றை மட்டும் ஆள் வைத்துச் செய்யுங்கள். மொத்தமாகக் கான்ட்ராக்ட் விடுவதை நான் விரும்பவில்லை. சமவெளியில் தோட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் அழகு கெடும், அவ்வளவுதான். மலைச் சரிவிலோ வீட்டின் அடித்தளத்துக்கே ஆபத்து வரலாம். 2009 நவம்பரில் பெய்த கனமழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகள் 40-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்ததை உங்கள் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மொத்தமாக வேலையை எடுப்பவர்கள் ஒரே நாளில் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகப் புல்லை மண்வெட்டியால் வேரோடு செதுக்கிவிடுவார்கள், அல்லது களைக்கொல்லி தெளித்துவிடுவார்கள். பார்ப்பதற்குத் துப்புரவாக இருக்கும். ஆனால் மலையெங்கும் பரவியுள்ள கிக்குயு புல், தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விட்டு மேல்மண்ணைப் பிடித்து வைத்திருப்பது. அதைச் செதுக்கி எடுத்துவிட்டால் அடுத்த மழையில் அந்த மண் கீழ்வீட்டுக்காரர் முற்றத்தில்தான் கிடக்கும். ஆகவே சரிவில் உள்ள புல்லை மூன்று, நான்கு விரற்கடை உயரம் விட்டு அரிவாளால் அறுக்க வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு பகுதியாக என்று வைத்துக்கொண்டால், இது உங்கள் இருவராலும் முடிகிற வேலைதான்.

வடிகாலையும் நீங்களே பாருங்கள். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையே பலமாகப் பெய்வதால், செப்டம்பர் முடிவதற்குள் வாய்க்கால்களில் உள்ள சருகையும் வண்டலையும் அள்ளிவிடுவது அவசியம். தடுப்புச் சுவரில் நீர் வடிவதற்காக விட்ட துளைகளில் ஒரு கம்பியை நுழைத்து அடைப்பை எடுங்கள். மழையின்போது அவற்றில் தெளிந்த நீர் வடிந்தால் கவலையில்லை. கலங்கல் நீர் தொடர்ந்து வந்தால் சுவருக்குப் பின்னால் மண் கரைகிறது என்று பொருள். கான்ட்ராக்ட் ஆள் மழை நாளில் வந்து இதைப் பார்க்கப் போவதில்லை.

மரமேறிக் கிளை கழிப்பது, சுவர் கட்டுவது, சரிவில் இயந்திரத்தால் புதர் வெட்டுவது ஆகியவற்றுக்கு வேலை தெரிந்த ஆளைத்தான் அழைக்க வேண்டும். இந்த அளவில் உங்கள் மகன் சொல்வது சரியே. மரத்தையே வெட்ட வேண்டியிருந்தால், சொந்த நிலமாக இருந்தாலும், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி தேவை. அதை வேலையாளின் பொறுப்பில் விடாதீர்கள். உண்ணிச்செடி மண்டிய மூலையில் காலை இருட்டிலும் பொழுது சாய்ந்த பிறகும் யாரும் வேலை செய்ய வேண்டாம். காட்டு மாடோ கரடியோ உள்ளே படுத்திருந்தால் அருகில் போகும்வரை தெரியாது.

கூலி குறைவு என்று ஆண்டுக்கொரு புது ஆளைத் தேடாமல், நியாயமான கூலி கொடுத்து ஒருவரையே தொடர்ந்து அழையுங்கள். நிலத்தில் எங்கே ஊற்றெடுக்கும், எந்தச் சுவர் சென்ற மழையில் உப்பியது என்பதெல்லாம் நாளடைவில் அவருக்கும் பழகிவிடும்.