பழைய ஜிஎம்டியா, எக்ஸ்ப்ளோரரா: கடன் வாங்கி வாட்ச் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் தோல்பட்டை போட்ட மெல்லிய வாட்ச் ஒன்றும் டைவர் வாட்ச் ஒன்றும் இருக்கின்றன. அடுத்ததாக, இரண்டு ஊர் நேரம் காட்டும் பயண வாட்ச் ஒன்றைப் பழையதாக வாங்க நினைக்கிறேன். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1995ஆம் ஆண்டு ரோலெக்ஸ் ஜிஎம்டி-மாஸ்டர் 2, மாடல் எண் 16710, டயலைச் சுற்றிச் சிவப்பு-நீல வளையம். பெட்டியும் உத்தரவாத அட்டையும் இல்லை. மற்றது 2003ஆம் ஆண்டு எக்ஸ்ப்ளோரர் 2, மாடல் 16570, வெள்ளை டயல். பெட்டி, அட்டை, முழுச் சங்கிலி எல்லாம் இருக்கின்றன. ஜிஎம்டியின் விலை எக்ஸ்ப்ளோரரைப் போல ஒன்றரை மடங்கு. எக்ஸ்ப்ளோரருக்கான பணம் கையில் இருக்கிறது. ஜிஎம்டி என்றால் மீதிக்கு இரண்டு வருடத் தவணையில் கடன் வாங்க வேண்டும். ‘ஜிஎம்டி விலை ஏறும், கடனை அதுவே அடைத்துவிடும்’ என்கிறார்கள் நண்பர்கள். ஐந்து வருடத்தில் விற்க நேர்ந்தால் எதில் நஷ்டம் குறைவு? இரண்டின் படங்களையும், டபிள்யூவில் தொடங்கும் ஜிஎம்டியின் வரிசை எண்ணையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: எக்ஸ்ப்ளோரரை வாங்குங்கள். கடன் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நீங்கள் அனுப்பிய ஜிஎம்டி படத்திலேயே இருக்கிறது.

டயலின் அடியில், 6 மணிக் குறிக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘ஸ்விஸ் மேட்’ என்று இருக்கிறது. 1995இல் வெளிவந்த 16710இல் அப்படி இருக்காது. அந்தக் காலத்தில் இருட்டில் ஒளிர்வதற்கு டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசினார்கள். டயலின் அடியில் ‘ஸ்விஸ் - டி<25’ என்று அச்சிட்டார்கள். 1998 வாக்கில் டிரிட்டியத்தைக் கைவிட்டு, கதிரியக்கம் இல்லாத லூமினோவா பூச்சுக்கு மாறினார்கள். சில காலம் ‘ஸ்விஸ்’ என்று மட்டும் வந்தது, 2000 வாக்கில்தான் ‘ஸ்விஸ் மேட்’ வந்தது. வரிசை எண் டபிள்யூ எழுத்தில் தொடங்குவதால் 1995 என்பது பொருந்துகிறது. ஆக, டயலைப் பிற்பாடு ஏதோ ஒரு சர்வீஸில் மாற்றியிருக்கிறார்கள். அப்போது முட்களையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். விற்பவரிடம் கேட்டு, விளக்கை அணைத்த அறையில் எடுத்த படம் ஒன்று வாங்குங்கள். டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 வருடம். 1995 பூச்சு இன்று இருட்டில் ஏறக்குறைய செத்துப் போயிருக்க வேண்டும். பச்சையாகப் பளிச்சிட்டால் சந்தேகமே வேண்டாம். வாட்ச் போலி என்று நான் சொல்லவில்லை. நிறுவனமே போட்ட அசல் டயலாக இருக்கலாம். ஆனால் சேகரிப்பவர்கள், வாட்ச் பிறந்தபோது அதில் இருந்த டயலுக்குத்தான் கூடுதல் பணம் தருவார்கள்.

அடுத்தது வளையம். 16710 கறுப்பு, சிவப்பு-நீலம், சிவப்பு-கறுப்பு என்று மூன்று நிறத்திலும் விற்றது. அந்த நிறத் தகடு அலுமினியம். தெரிந்தவர் கையில் சில நிமிடங்களில் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். அட்டை இல்லாத வாட்ச் முதலில் எந்த நிறத்தில் விற்றது என்று உங்களால் நிரூபிக்க முடியாது. சிவப்பு-நீல வளையத்துக்கு வைத்த ‘பெப்சி’ என்ற செல்லப் பெயருக்காகக் கேட்கும் கூடுதல் தொகையில் பெரும்பங்கு ஒரு மெல்லிய தகட்டுக்காக நீங்கள் கொடுப்பது. எக்ஸ்ப்ளோரரில் இந்தத் தொல்லை கிடையாது: வளையம் எஃகு, சுழலாது, எண்கள் அதிலேயே பொறித்தவை. அங்கே பார்க்க வேண்டியது பாலிஷ் மட்டுமே. நடுவிலிருந்து விரியும் மெல்லிய தீற்றல் கோடுகள் அழிந்து, எண்களின் விளிம்பு மழுங்கியிருந்தால் யாரோ மெருகேற்றியிருக்கிறார்கள். உங்கள் படத்தில் கோடுகள் தெளிவாகவே தெரிகின்றன.

இயந்திரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே: 3185. (கடைசிக் காலத்தில் வந்த சிலவற்றில் 3186 இருக்கும், உங்களுடையவை அந்த வயதுக்கு முந்தியவை.) சர்வீஸ் செலவில் வித்தியாசம் இருக்காது. உபயோகத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. ஜிஎம்டியின் வளையம் சுழல்வதால் மூன்றாவது நேரமும் பார்க்கலாம், எக்ஸ்ப்ளோரரில் இரண்டுதான். இரண்டிலும் நிமிட முள் ஒன்றே. அதனால் அரை மணி, முக்கால் மணி வித்தியாசம் உள்ள ஊர்களுக்கு மனக்கணக்கு போட்டே ஆக வேண்டும்.

இனி பணக் கணக்கு. எக்ஸ்ப்ளோரர் 100 என்றால் ஜிஎம்டி 150, கடன் 50. சில அனுமானங்கள் வைக்கிறேன், உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்: ஐந்து வருடத்தில் ஒரு சர்வீஸ் 10, காப்பீடு ஆண்டுக்கு விலையில் 1 சதவீதம், கடன் வட்டி 12 சதவீதம், விற்கும்போது வியாபாரி சந்தை விலையில் 20 சதவீதம் குறைத்து எடுப்பார். சந்தை விலை அசையாமல் நின்றால் எக்ஸ்ப்ளோரரில் போவது 20 + 10 + 5 = 35. ஜிஎம்டியில் 30 + 10 + 7.5, கூடவே வட்டி சுமார் 6.5, மொத்தம் 54. அந்த டயலைக் கவனித்த வியாபாரி 150க்குப் பதில் 130 என்று மதிப்பிட்டால் உங்கள் கைக்கு வருவது 104 மட்டுமே. நஷ்டம் 70, அதாவது சரியாக இரண்டு மடங்கு.

எக்ஸ்ப்ளோரரில் செலவோடு சேர்த்துப் போட்ட பணம் கைக்கு வரவே சந்தை விலை 44 சதவீதம் ஏற வேண்டும் என்பதையும் மறைக்க மாட்டேன். இதை முதலீடு என்று எழுதி வைக்காதீர்கள். 2022 தொடக்கத்தில் பழைய வாட்ச் விலைகள் உச்சம் தொட்டன, பிறகு நெடுநாள் இறங்கின. அந்த உச்சத்தில் முழு விலைக்கும் கடன் வாங்கியவர் வாட்ச் மதிப்பைவிட அதிகமான பாக்கியைக் கட்ட நேர்ந்திருக்கலாம். ‘கடனை அதுவே அடைத்துவிடும்’ என்பது இங்கேதான் உடைகிறது: தவணை மாதாமாதம் வரும், வாட்ச் விற்கும் நாளில் மட்டுமே பணம் தரும்.

பணம் கொடுக்கும் முன் எக்ஸ்ப்ளோரரை விற்பவருக்குச் சம்பந்தமில்லாத வாட்ச் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சங்கிலியைக் கழற்றினால் 12 மணிப் பக்கம் மாடல் எண், 6 மணிப் பக்கம் வரிசை எண் தெரியும். வரிசை எண் அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அதே எண்ணை ‘தி வாட்ச் ரெஜிஸ்டர்’ போன்ற திருட்டுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். முழுச் சாவி கொடுத்து, டயல் மேல்நோக்கி இருக்க, டைம்கிராஃபரில் (வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) லிஃப்ட் கோணம் என்ற அமைப்பை 52 என்று வைத்து அளக்கச் சொல்லுங்கள். அலைவீச்சு, அதாவது உள்ளே ஆடும் சக்கரம் எவ்வளவு சுழல்கிறது என்ற அளவு, 270 பாகைக்குமேல் இருந்தால் நல்லது. 220க்குக் கீழே என்றால் சர்வீஸ் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சாவி கொடுக்கும் திருகை முதல் நிலைக்கு இழுத்து மணி முள்ளை நள்ளிரவைத் தாண்டி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தேதி இரு பக்கமும் மாற வேண்டும், நிமிட முள் அசையவே கூடாது. மூடியைத் திறந்தால் மூடும்போது, தண்ணீர் புகாதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை அவசியம். சங்கிலியைப் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். மிகவும் தொங்கினால் தேய்ந்துவிட்டது.

மனசு ஜிஎம்டியிலேயே நிற்கிறது என்றால், டயல் விஷயத்தை விற்பவரிடம் சொல்லி, அட்டையில்லாத கறுப்பு வளைய 16710க்கு என்ன விலையோ அதைக் கேளுங்கள். அதற்குக் கீழே வந்தாலும் கடன் இல்லாமல் வாங்க முடிந்தால் மட்டுமே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் வரிசை எண் எழுதிய ரசீது வேண்டும், காப்பீட்டுக்கு அதுதான் ஆதாரம். நாளை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, ‘பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் மாற்ற வேண்டாம், வேறு பாகம் மாற்றினால் பழையதைத் திருப்பித் தர வேண்டும்’ என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மறுக்கும் இடத்தில் வாட்ச்சைக் கொடுக்காதீர்கள்.