குவெரி எழுதத் தெரியும், கேள்விதான் புரியவில்லை

கேள்வி: எஸ்க்யூஎல் (குவெரி எழுதி டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி) பாடமெல்லாம் முடித்துவிட்டேன். செலக்ட், ஜாயின், குரூப் பை எல்லாம் அத்துப்படி. ஆனால் இன்டர்வியூவில் “வாங்குவதை நிறுத்திவிட்ட வாடிக்கையாளர்கள் யார்?” என்று கேட்டதும் கை ஓடவில்லை. எப்படிப் பயிற்சி எடுப்பது?

பதில்: கை ஓடாததில் ஆச்சரியமில்லை. பாடங்களில் எந்த டேபிள், எந்த நிபந்தனை என்று பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள், வேலையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ‘நிறுத்திவிட்டார்’ என்றால் 3 மாதமாக வாங்காதவரா, 6 மாதமா, பதிவு செய்துவிட்டு ஒருமுறைகூட வாங்காதவரும் அதில் சேர்த்தியா? இதை முடிவு செய்து ஒரு வரியில் எழுதிவிட்டு அப்புறம் கீபோர்டைத் தொடுங்கள். இன்டர்வியூவிலும் இதைத் திருப்பிக் கேட்கலாம், கேட்பதுதான் நல்லது.

பழக மைக்ரோசாஃப்டின் நார்த்விண்ட் என்ற மாதிரி டேட்டாபேஸே போதும். பழசுதான், ஆனால் வாடிக்கையாளர், ஆர்டர், சரக்கு, ஊழியர் என்று ஒரு வியாபாரத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. எஸ்க்யூலைட்டில் ஒரே ஃபைலாகக் கிடைப்பதால் சர்வர் தொல்லையும் இல்லை. அதன் பழைய பதிப்பில் ஆர்டர்கள் 1998 மே மாதத்தோடு முடிகின்றன, அதனால் இன்றைய தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாருமே நிறுத்தியவர்களாகத்தான் வருவார்கள்! கடைசி ஆர்டர் தேதியை ‘இன்று’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கே வருவோம். அந்தப் பழைய பதிப்பில் வாடிக்கையாளர்கள் 91 பேர், ஆர்டர் கொடுத்தவர்கள் 89 பேர். லெஃப்ட் ஜாயின் (ஆர்டர் டேபிளோடு இணைக்கும்போது ஆர்டர் இல்லாத வாடிக்கையாளரையும் விடாமல் வைத்துக்கொள்ளும் இணைப்பு) போட்டு, ‘இந்தத் தேதிக்குப் பிறகான ஆர்டர்’ என்ற நிபந்தனையை ஆன் (ON, இணைப்பு நிபந்தனை) பகுதியில் வைத்து, ஆர்டர் எண் நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாதது) ஆக இருப்பவர்களை எடுத்தால் நிறுத்தியவர்களும் வருவார்கள், அந்த 2 பேரும் வருவார்கள். அதே தேதி நிபந்தனையை வேர் (WHERE, இணைத்தபின் வடிகட்டும்) பகுதிக்குத் தள்ளினால் பட்டியலே காலி, ஏனென்றால் NULL-ஐ எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும் உண்மை என்று வராது.

காலியாக வந்தாலாவது சந்தேகம் வரும். பார்க்க ஒழுங்காக இருக்கும் தப்பான விடைதான் ஆபத்து. ஒவ்வொரு ஆர்டருக்கும் அனுப்பும் செலவு ஆர்டர் டேபிளில் ஒரே ஒருமுறை இருக்கிறது. மாதவாரியாக விற்பனையையும் அனுப்பும் செலவையும் ஒரே குவெரியில் எடுக்கலாமே என்று ஆர்டர் விவர டேபிளோடு ஜாயின் செய்தால் 830 ஆர்டர்கள் 2155 வரிகளாக விரிந்துவிடும், ஒரு ஆர்டரில் 4 சரக்கு இருந்தால் அதன் அனுப்பும் செலவு 4 முறை கூடும். எரர் எதுவும் வராது, அழகான ஒரு எண் வரும், அதை நம்பி யாராவது பட்ஜெட்டும் போட்டுவிடுவார்கள். அதனால் ஓட்டுவதற்கு முன்பே எத்தனை வரி வரவேண்டும் என்று குறித்துவையுங்கள், வந்த மொத்தத்தை ஜாயின் இல்லாமல் ஆர்டர் டேபிளிலிருந்து தனியாகவும் எடுத்து ஒப்பிடுங்கள். என்னைக் கேட்டால் நூறு புதிர்களை வேகமாகப் போடுவதைவிட, பத்துக் கேள்விகளை இப்படி இரண்டு வழியில் சரிபார்ப்பது மேல்.

இது கைவந்ததும் சினூக், சகீலா என்ற மாதிரி டேட்டாபேஸ்களுக்குப் போகலாம். இப்போதைக்கு நார்த்விண்டிலேயே இதைப் போட்டுப் பாருங்கள்: எந்த ஊழியரின் ஆர்டர்கள் அதிகம் தாமதமாகின்றன? அதில் 21 ஆர்டர்களுக்கு அனுப்பிய தேதியே இல்லை, அவற்றைத் தாமதக் கணக்கில் சேர்ப்பீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.