பிடித்த ஊருக்கு மறுபடியும் செல்லும்போது எங்கே சாப்பிடுவது? சாண்டா ஃபே குறித்து என் பதில்

கேள்வி: "ஏழு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள சாண்டா ஃபே நகருக்குச் சென்றோம். எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஊர். வரும் கோடையில் மூன்று நாள்களுக்கு மீண்டும் செல்கிறோம். முன்பு பிடித்த உணவகங்களுக்கே போவதா, புதியவற்றைத் தேடுவதா?"

இந்தக் கேள்வியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. 2018 ஆகஸ்டில் இதே ஊரில் இதே முடிவைத் தவறாக எடுத்து, என் அம்மாவை ஓர் இரவு அரைவயிற்றோடு படுக்க வைத்தவள் நான். நீங்கள் குடும்பத்தோடு செல்கிறீர்கள் என்றும், உங்களில் ஒருவராவது சைவம் என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றாலும் இதில் பெரும்பகுதி உங்களுக்குப் பயன்படும்.

முதலில் நேரடியான பதில். பழைய உணவகத்துக்குப் போங்கள். ஆனால் ஒரே ஒரு முறை, அதுவும் போய்ச் சேர்ந்த முதல் நாள் மாலையில் வேண்டாம். மற்ற வேளைகளுக்கான இடத்தை, அந்தச் சமையலறையில் மிளகாயை எப்படிச் சமைக்கிறார்கள் என்று விசாரித்து முடிவு செய்யுங்கள். நட்சத்திரக் குறிகளை நம்பி இந்த ஊரில் சாப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே மதிப்பெண் போடுபவர்களில் பெரும்பாலோர் உங்களையும் என்னையும் போல இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள்.

நாங்கள் முதன்முறை சென்றது 2011 அக்டோபரில். திருமணமான புதிது, கையில் பணம் அதிகமில்லை. ஊரின் நடுவிலுள்ள பிளாசா சதுக்கத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய உணவகத்தில், நீல மக்காச்சோள மாவில் தட்டிய டார்ட்டியாக்களை நம் ஊர் அடை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் பாலாடைக்கட்டி வைத்து, மேலே சிவப்பு மிளகாய்க் குழம்பை ஊற்றி, அதன் உச்சியில் ஒரு முட்டையைப் பொரித்து வைத்த என்சிலாடாவைச் சாப்பிட்டோம். அதில் தக்காளியின் புளிப்பு இல்லை, மசாலாக் கலவை இல்லை; மிளகாய் வற்றலின் சுவை மட்டுமே, மண்வாசனையோடும் இலேசான இனிப்போடும் முன்னே நின்றது. மிளகாய் என்றால் காரம் என்று மட்டுமே எண்ணி வளர்ந்த எனக்கு, அதற்கென்று ஒரு சுவை இருப்பது அன்றுதான் புரிந்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள், டாலஸில் எந்த உணவகத்துக்குப் போனாலும் அந்தத் தட்டோடு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன்.

2018இல் அம்மா விருதுநகரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். அப்போது அவர்களுக்கு 67 வயது. அப்பா மறைந்த பிறகு அசைவத்தை விட்டுவிட்டவர்கள். அந்த ஊரை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், டாலஸிலிருந்து அதிகாலையில் காரில் புறப்பட்டு, அமரில்லோ வழியாக 40ஆம் எண் நெடுஞ்சாலையில் சென்று, கிளைன்ஸ் கார்னர்ஸில் வடக்கே திரும்பி, பத்து மணி நேரத்துக்கும் மேலான பயணத்துக்குப் பிறகு மாலையில் போய்ச் சேர்ந்தோம். விடுதியில் பெட்டிகளை வைத்த கையோடு, முகம் கழுவக்கூட அவகாசம் கொடுக்காமல், அம்மாவை நேராக அந்தப் பழைய உணவகத்துக்கு அழைத்துச் சென்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் இந்தியன் மார்க்கெட். 1922 முதல் நடந்துவரும் அந்தச் சந்தைக்காக அமெரிக்கப் பழங்குடிக் கலைஞர்களும் அவர்களுடைய நகைகளையும் பானைகளையும் வாங்குவோரும் எங்கெங்கிருந்தோ வந்து குவிவார்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஓபரா என்ற இசை நாடகம் வேறு நடக்கும். இவை எதையும் நான் பார்த்துவைக்கவில்லை. உணவகத்தின் வாசலில் ஒரு மணி நாற்பது நிமிடங்கள் காத்திருந்தோம். சாண்டா ஃபே ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், நம் கொடைக்கானல் அளவு உயரத்தில் இருக்கும் ஊர். பாலைநிலம் போலத் தோன்றுவதால் அந்த உயரம் நமக்கு நினைவில் நிற்பதில்லை. அம்மாவுக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. பெஞ்சின் ஓரத்தில் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவழியாக மேசை கிடைத்தபோது, பச்சை மிளகாய்க் குழம்பில் இறைச்சி உண்டா என்று பரிமாறியவரிடம் கேட்டேன். இல்லை என்று உடனடியாகச் சொன்னார். மூன்றாவது வாயில் அம்மாவின் தட்டில் பன்றி இறைச்சித் துண்டு இருந்தது.

அம்மா யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீ சாப்பிடும்மா, எனக்குப் பசி இல்ல" என்றார்கள். அந்த இரவு விடுதி அறையில் இரண்டு வாழைப்பழங்களும் கொஞ்சம் ரொட்டியும்தான் அவர்களின் உணவு. அந்த உணவகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு நெருக்கடியான இரவை வைத்து ஒரு சமையலறையைத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஆனால் ஒன்றை எழுதாமல் விட முடியவில்லை. "இறைச்சி இல்லை" என்ற பதிலை உள்ளே போய்க் கேட்டுவந்து சொல்ல வேண்டும். குழம்பில் இறைச்சி வேகவைத்த சாறு சேர்ந்திருப்பதும், பீன்ஸ் பன்றிக் கொழுப்பில் வதங்கியிருப்பதும் பலருக்கு இறைச்சிக் கணக்கில் வருவதே இல்லை. சைவம் என்பது ஏதோ பிடிவாதம் என்று எண்ணுகிறவர்களுக்கு, அறுபத்தேழு வயதில் ஒருவர் தம் கணவரின் நினைவாகக் காத்துவரும் ஒன்றின் எடை தெரிவதில்லை.

மறுநாள் முறையை மாற்றினேன். சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூட்டம் வடியும்வரை பொறுத்து, மதியம் இரண்டரை மணிக்கு சதுக்கத்தை விட்டுத் தள்ளியிருந்த வேறோர் உணவகத்துக்குள் நுழைந்தோம். இந்த முறை கேள்விகளைப் பிரித்துக் கேட்டேன். மிளகாய்க் குழம்பில் இறைச்சிச் சாறு சேர்க்கிறீர்களா? பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டா? போசோலே என்ற சோளக் கஞ்சியில் இறைச்சி போட்டிருக்கிறீர்களா? பரிமாறிய பெண்மணி அம்மாவின் வயதை ஒட்டியவர். அவர் ஊகத்தில் பதில் சொல்லாமல் உள்ளே போய்ச் சமைப்பவரிடம் கேட்டுவந்து, சிவப்பில் இறைச்சி இல்லை, பச்சையில் உண்டு என்று சொல்லி, ஒரு சிறு கிண்ணத்தில் சிவப்புக் குழம்பைச் சுவை பார்க்கக் கொடுத்தார்.

அம்மா அதை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார்கள். என் தாத்தா விருதுநகரில் வத்தல் மண்டியில் கணக்குப் பார்த்தவர்; அம்மாவுக்கு மிளகாயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "வெதைய எடுத்துட்டு, வத்தல லேசா வறுத்து, சுடுதண்ணில ஊறப்போட்டு அரைச்சிருக்காக. கருகவிடல. அந்தம்மாட்டக் கேளு, புளி ஏதும் விடுறாகளான்னு" என்றார்கள். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. புளி இல்லை, பூண்டும் ஓரிகானோ இலையும் உப்பும்தான் என்றார். அம்மாவின் ஊகம் முழுவதும் சரி. அம்மா அன்று தட்டைக் காலி செய்தார்கள். கடைசியில் வந்த சோபாபியாவைப் பார்த்து, "பூரிக்குத் தேனா?" என்று வியந்து, ஒரு மூலையைக் கிள்ளி உள்ளே தேனை விட்டு, இரண்டு சாப்பிட்டார்கள். அந்தத் தேன் வெறும் இனிப்புக்காக வைப்பதன்று. வாயில் தங்கிய காரத்தை அது அடக்கும்.

நான் 2011இல் விரும்பியது அந்த உணவகத்தையா, அந்தக் குழம்பையா என்பது அன்று அந்த மேசையில்தான் எனக்குத் தெளிந்தது. குழம்பு என்றால் அது ஊரெங்கும் கிடைக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதத்தில். உணவகங்களோ பெயர்ப்பலகை மாறாமலே கைமாறுகின்றன. 1987இல் சமையல் கலைஞர் மார்க் மில்லர் தொடங்கி நாடறியச் செய்த கயோட்டி கஃபேகூடப் பின்னர் வேறு கைகளுக்குச் சென்றதுதான். ஆகவே உங்கள் பழைய உணவகத்துக்குப் போகும் முன், அதே குடும்பம்தான் நடத்துகிறதா என்று விசாரியுங்கள். 1953 முதல் இருக்கும் தி ஷெட் என்ற உணவகம் பழம்பெயர் பெற்றது, எனவே வாசலில் நெரிசலும் உண்டு. அதே குடும்பத்தினரே ரயில்யார்டு பகுதிக்கு அருகில் லா சோசாவையும் நடத்துகிறார்கள். சதுக்கத்தை ஒட்டி இடம் கிடைக்கவில்லை என்று வருந்துவதற்குப் பதிலாக அங்கே போகலாம். இத்தகைய குடும்ப உணவகங்களில் சில ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை உணவை விடுதியில் முடித்துக்கொள்ளாதீர்கள். இதை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். டார்ட்டியாவில் சுருட்டித் தரும் காலைப் பரிட்டோவை உணவுப் பட்டியலில் முதன்முதலில் எழுதியது தாங்களே, 1975இல், என்று சொல்லும் தியா சோஃபியாஸ் இந்த ஊரில்தான் இருக்கிறது. காலையும் மதியமும் மட்டுமே திறந்திருக்கும். கஃபே பாஸ்குவால்ஸில் நடுவில் ஒரு பெரிய பொது மேசை உண்டு. முன்பின் தெரியாதவர்களோடு அதில் உட்காரச் சம்மதித்தால் காத்திருப்பு குறையும், ஊர் விவரமும் கிடைக்கும்.

எந்த இடத்துக்குப் போனாலும் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார்கள். அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாகச் சட்டமன்றமே அதை ஏற்றிருக்கிறது. இரண்டும் ஒரே செடியின் காய்தான்: பச்சையாகப் பறித்துச் சுட்டால் ஒன்று, பழுக்கவிட்டு உலர்த்தினால் மற்றொன்று. இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொன்னால் போதும். ஆனால் சைவர் இருக்கும் மேசையில் நான் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு முடிக்காமல் அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள்.

நம்மவர்கள் சிலர் இந்த ஊருக்குப் போய்வந்து, "எல்லாம் ஒரே சுவை, காரமே இல்லை" என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு மனம் நோகிறது. மிளகாய் நமக்கே போர்த்துகீசியர் காலத்தில் கடல் கடந்து வந்த காய். மிளகுக்குப் பதிலாகப் பழகிக்கொண்டதால்தான் மிளகின் பெயரையே அதற்கும் வைத்தோம். அதன் பூர்வீகக் கண்டத்தில், அதைத் தலைமுறைகளாக விதைத்துக் காத்துவரும் மக்களின் சமையலை, கையோடு கொண்டுபோன பொடியைத் தூவி மூடிவிட்டுக் குறை சொல்வது சரியில்லை. இப்படிச் சொல்வதால் நம் உணவை நான் தாழ்த்துவதாக யாரும் கருத வேண்டாம். மூன்றாம் நாள் இரவு, அம்மாவின் விருப்பப்படி, கார்டோவா சாலையில் உள்ள பேப்பர் தோசைக்குத்தான் போனோம். தமிழ்நாட்டிலிருந்து சென்ற பால்ராஜ் கருப்பசாமி 2015இல் தொடங்கிய உணவகம் அது. அவ்வளவு தூரம் போய்த் தோசையா என்று கேட்பவர்களுக்கு என் பதில், மூன்று நாள் சோளமும் பீன்ஸும் சாப்பிட்ட ஒரு வயதானவருக்குச் சாம்பார் கிடைப்பது எளிய காரியமன்று என்பதே. உங்களோடு பெரியவர்கள் வந்தால் ஒரு வேளையை அங்கே ஒதுக்குங்கள்.

ஒரு மதியத்தைச் சிமாயோ என்ற சிற்றூருக்கு வையுங்கள். சாண்டா ஃபேயிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1965 முதல் இயங்கும் ராஞ்சோ டி சிமாயோ என்ற உணவகம் அங்கே இருக்கிறது. 2016இல், உணவுத் துறைக்கு விருதுகள் வழங்கும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை அதை அமெரிக்காவின் செவ்வியல் உணவகங்களில் ஒன்றாகச் சிறப்பித்தது. தெற்கே ஹேட்ச் பள்ளத்தாக்கில் பெருமளவில் விளையும் மிளகாய்க்கும், சிமாயோவின் சிறு வயல்களில் வழிவழியாக விதை எடுத்துப் பயிரிடும் மிளகாய்க்கும் உள்ள வேறுபாட்டை நாக்கிலேயே அறியலாம். அசல் சிமாயோப் பொடி விலை கூடுதல், கிடைப்பதும் குறைவு. சனிக்கிழமையானால் ரயில்யார்டு உழவர் சந்தையில் விளைவித்தவர்களிடமே வாங்கலாம். வாங்கும்போது, அவர்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் அந்த இரண்டரை மணி உணவகத்தைக் கண்டுபிடித்தேன்.

போய்ச் சேரும் நாள் இரவுக்குக் கனமான திட்டம் எதுவும் வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்து, அருகில் கிடைக்கும் ஒரு சூப்போடு முடித்துக்கொண்டு படுத்துவிடுங்கள். பழைய உணவகத்தை இரண்டாம் நாளுக்கு, வேலைநாளாக இருந்தால் மேலும் நல்லது, மதியக் கூட்டம் கலைந்த பிறகு வையுங்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் சாப்பிட்டதையே ஒருவர் வாங்குங்கள், மற்றவர் அன்று வாங்காத ஒன்றை வாங்கட்டும்.

வரும் அக்டோபரில் நாங்களும் மறுபடி போகிறோம். அம்மா இப்போது விருதுநகரில்தான் இருக்கிறார்கள். அன்று வாங்கிச் சென்ற சிமாயோப் பொடி தீர்ந்து வெகுநாளாயிற்று. போன வாரம் தொலைபேசியில், "பொடி வேணாம், முழு வத்தலாவே வாங்கிட்டு வா, நானே வெதைய எடுத்து அரைச்சுக்கிடுறேன்" என்றார்கள். அதனால் எங்கள் மூன்று நாள்களில் சிமாயோ மதியம் மட்டும் உறுதியாகிவிட்டது. மற்ற வேளைகளுக்கு இதுவரை எங்கும் இடம் பதிவு செய்யவில்லை.