கிரகண நிழலில் ஓசோனும் காற்றும்

கேள்வி: 2019 டிசம்பர் 26 காலையில் கங்கண சூரிய கிரகணம் எங்கள் பகுதியைக் கடந்தபோது கணவாய்க் காற்று சற்று அடங்கியது போலிருந்தது. கிரகண நேரத்தில் ஓசோன் மெலிந்து நச்சுக்கதிர் இறங்கும் என்று மாமியார் எங்களை வெளியே விடவில்லை. ஓசோன் உண்மையில் குறைகிறதா? காற்று அடங்கியதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: குறைவது உண்மைதான், ஆனால் உங்கள் மாமியார் அஞ்சும் உயரத்தில் அல்ல, தரையை ஒட்டியே. வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடைச் சூரிய ஒளி பிளக்கும்போது விடுபடும் ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து ஓசோனாகிறது. ஒளி மங்கினால் இந்த ஆக்கம் தளர்கிறது. அதே புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை அழிப்பதோ நிற்பதில்லை. அதனால் தரையோர ஓசோன் குறைந்து, கிரகண உச்சத்துக்குச் சற்றுப் பிந்தியே மிகத் தாழ்ந்த அளவை எட்டுகிறது. இது நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் ஓசோன் என்பதால், குறைவதில் வருந்த ஒன்றுமில்லை.

நம்மைக் காக்கும் ஓசோன் பெரும்பாலும் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு அது ஆகி அழியும் வேகம் குறைவு என்பதால், இரண்டு மூன்று மணி நேர நிழலில் அதன் அளவு பெரிதாக மாறுவதில்லை. அறுபது கிலோமீட்டருக்கு மேலே இரவில் நிகழ்வதுபோலவே ஓசோன் கூடவும் செய்கிறது. தரையிலிருந்து அளக்கும் கருவிகள் சில நேரம் பெரிய மாற்றத்தைக் காட்டுவதுண்டு. கிரகணத்தில் எஞ்சித் தெரியும் சூரிய விளிம்பின் ஒளியில் புற ஊதாப் பங்கு குறைவு என்பதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் அந்த எண்களை நம்ப இயலாது. கிரகணக் கண்ணாடியின்றிச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பது வேறு. அதில் மாமியார் பக்கமே நியாயம்.

காற்று அடங்குவதற்கு நேர்க்காரணம் ஓசோன் அன்று, தரை குளிர்வதுதான். வெயிலில் சூடான தரையிலிருந்து மேலெழும் காற்று தளர்ந்தால், மேலடுக்கின் வேகமான காற்றைக் கீழே கொண்டுவரும் கலப்பும் தளர்ந்து, தரையில் காற்று ஓய்கிறது. 2010 ஜனவரி 15 கிரகணம் கன்னியாகுமரியில் நண்பகல் கடந்து, மேலெழுச்சி வலுத்திருந்த வேளையில் நிகழ்ந்தது. நீங்கள் கண்டதோ காலை ஒன்பதரை மணியளவில், மேலெழுச்சி அப்போதுதான் தொடங்கும் வேளையில்; தளர்வதற்கு அது இன்னும் வலுத்திருக்கவில்லை. அதோடு டிசம்பரில் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கிலிருந்து வீசும் காற்று தானாகவே ஏறி இறங்கும் என்பதால், அன்றைய அமைதியை முழுவதும் கிரகணத்தின் கணக்கில் எழுத எனக்குத் துணிவில்லை.

ஆனால் உயரே ஓசோனுக்கும் ஒரு பங்கு உண்டு. புற ஊதாக் கதிரை உறிஞ்சி தான் இருக்கும் அடுக்கு மண்டலத்தைச் சூடாக்குவது அதுவே. ஒலியை விஞ்சும் வேகத்தில் ஓடும் நிலவின் நிழல் அந்தச் சூட்டை நிறுத்திக்கொண்டே செல்வதால், படகின் முகப்பிலிருந்து பிரியும் அலைபோலக் காற்று மேலும் கீழும் ஊசலாடும் என்று வளிமண்டல ஆய்வாளர்களான சிமோனாஸ், ஹைன்ஸ் இருவரும் 1970இல் கருதினர். அந்த ஊசலாட்டம் மிக நுண்ணியது. திருப்பதி அருகே காதங்கியில் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ராடார் போன்ற, காற்றின் செங்குத்து அசைவை அளக்கும் கருவிகளே அதைத் தேட வல்லவை. கொழிஞ்சாம்பாறையில் உங்கள் மேல் பட்ட காற்றில் அது தெரிந்திருக்காது.